கோபுர வாசலில் திரும்பும் காற்று

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்கு வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும், ஊர்க்காரர்கள் அவரை ராஜகோபுர வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திவைப்பார்கள். "காத்தைக் கவனிங்க" என்பார்கள். கிழக்குப் பார்த்த கோபுரம் அது. தெருவிலிருந்து உள்ளே கால் வைத்ததும், மேற்கிலிருந்து வரும் காற்று முகத்தில் மோதும். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் பின்னால் பறக்கும். அதை எதிர்த்து நடந்து, வாசலைக் கடந்து, உள்முற்றத்தில் இன்னும் சில அடி வைத்தால் காற்று திசை மாறிவிடும். யாரோ முதுகில் கைவைத்துச் சந்நிதியை நோக்கித் தள்ளுவதுபோல் இருக்கும். தென்காசி என்றதும் ஊரார் முதலில் சொல்லும் அதிசயம் இதுதான்.

சின்ன வயதில் இதை நம்பினேன். கல்லூரியில் இயற்பியல் படித்தபோது சந்தேகப்பட்டேன். ஒரே காற்று முப்பது அடிக்குள் எப்படித் திரும்பும்? பிறகு ஒரு சாரல் காலத்தில், வாசலருகே பூ விற்கும் ஆச்சியிடம் பூக்கட்டும் வாழைநார் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று சொன்னதும் ஆச்சி சிரித்தார். "அதுக்கு நார் எதுக்கு அண்ணாச்சி? ஆனி ஆடியில இந்தத் தூணுக்கு அங்கிட்டு கூடைய வச்சா பூவு தேரடிக்குப் போயிரும். தூணுக்கு இங்கிட்டு வச்சா ஒண்ணும் செய்யாது. நாப்பது வருசமா இப்படித்தான்."

மெல்லிய நார் ஒன்றைக் கிழித்து விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசல் நடையில் நார் விறைத்துக் கிழக்கே நீண்டது. உள்பக்க நிலைக்கல்லைத் தாண்டியதும் துவண்டு, சுற்றி, எந்தத் திசையும் இல்லாமல் தவித்தது. இன்னும் பத்துப் பதினைந்து அடி உள்ளே போனதும் மேற்கே திரும்பி நின்றது. ஊரார் சொன்னது சரி. அப்படியென்றால் காரணம் இருக்க வேண்டும். காரணத்தைத் தேடப் போனால், அது மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி, நியூயார்க், சிகாகோ வரை போய், திரும்ப இந்த முற்றத்துக்கே வந்து சேருகிறது.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு, தபதி ஆற்றுப் பக்கத்திலிருந்து குமரி வரை, மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில்போல நிற்கிறது. அந்த மதிலில் சில வாசல்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் பெரியது. அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதற்கும் தெற்கே ஆரல்வாய்மொழி. செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் 1904இல் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மனிதர்கள் பாதை போடுவதற்கு வெகுகாலம் முன்பே காற்று அங்கே பாதை போட்டுவிட்டது.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் மோதுகிறது. ஈரமான அந்தக் காற்றில் ஒரு பகுதி மலைமேல் ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகிறது. ஆனால் கனத்த காற்றுக்கு மலையேறுவது எளிதல்ல. தாழ்ந்த வழி கிடைத்தால் அந்தப் பக்கம் ஒதுங்கும். அதே நேரத்தில் கிழக்கே நெல்லைச் சீமையின் செம்மண் காடுகள் வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. சூடான தரைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. குளிர்ந்த கேரளப் பக்கம் அழுத்தம் அதிகம். இந்த வேறுபாடு கணவாய்க் காற்றை இழுத்து விரட்டுகிறது. கயத்தாறு வரை காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும், தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். கணவாயின் வாய்க்கு நேரே, செங்கோட்டைக்கும் சமவெளிக்கும் நடுவே தென்காசி இருக்கிறது.

குற்றாலத்துச் சாரலும் இந்தக் காற்று செய்யும் வேலை. மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கனத்த துளிகளைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி வருபவை அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளிகள். பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் விழும். இந்தச் சிறு துளியோ ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 500 விநாடி ஆகும். அதற்குள் விநாடிக்கு 8 மீட்டர் காற்று அதை 4 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே குற்றாலத்திலும் தென்காசித் தெருக்களிலும் சாரல் விழுகிறது. நம்மேல் விழும் துளி, நம் தலைக்கு மேலிருந்த மேகத்தின் துளியல்ல.

இனி, அந்தக் காற்றின் குறுக்கே நிற்கும் கோபுரத்துக்கு வருவோம். 178 அடி, அதாவது 54 மீட்டர் உயரம். ஒன்பது நிலை. சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதுதான் அன்றைக்கு நாட்டின் மிக உயரமான கட்டடம் என்று பேசப்பட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே ஊர்ப்புறங்களிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் உண்டு. மன்னர் பராக்கிரம பாண்டியன் 1446இல் பணி தொடங்கிய தென்காசிக் கோயிலின் கோபுரம் அதைவிட ஓர் அடி உயரம். வானளாவி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், தென்காசியில் அந்தச் சொல்லுக்கு உரியது இதுதான்.

உயரமான எந்தக் கட்டடமும் காற்றின் பாதையில் நிற்கும்போது இரண்டு விதமான அழுத்தத்தை உண்டாக்குகிறது. காற்று மோதும் முகத்தில் அழுத்தம் கூடும். மறைவான பின்முகத்தில் அழுத்தம் குறையும், அங்கே ஓர் உறிஞ்சல் இருக்கும். சாதாரணமாகக் காற்று பக்கவாட்டில் சுற்றியும் உச்சியைத் தாண்டியும் போய் இந்த வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கட்டடத்தின் அடியில் ஒரு வழி திறந்திருந்தால்? மேற்கு முகத்தில் குவிந்த அழுத்தம், கிழக்கு முகத்தின் உறிஞ்சலை நோக்கி அந்த வழியே பாயும். வழி குறுகலாக இருப்பதால் காற்று வேகம் பிடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். முழுக் காரணம், இரு முகங்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு.

அந்த அழுத்தத்தை உண்டாக்குவது தரைமட்டக் காற்று மட்டுமல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். தரையில் மரம், வீடு, சுவர் என்று உராய்வு அதிகம், அதனால் காற்று மெதுவாக வீசும். மேலே போகப் போக வேகம் கூடும். நம் தலையின் உயரத்தில் வீசுவதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு வேகம் 50 மீட்டர் உயரத்தில் இருப்பது இயல்பு. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மேலே மோதும் காற்றின் விசை ஏறத்தாழ மூன்று மடங்கு. கோபுரத்தின் மேல்நிலைகள் அந்த வேகக் காற்றைப் பிடித்து, அதில் ஒரு பகுதியைத் தம் முகத்தின் வழியே கீழே இறக்கிவிடுகின்றன. வாசல் நடையில் நம் முகத்தில் மோதுவதில் மேல்நிலைக் காற்றும் கலந்திருக்கிறது.

மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1964இல் இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுக் கற்றது. ஐ. எம். பெய் வடிவமைத்த கிரீன் கட்டடம், 21 மாடி, பாஸ்டன் பகுதியின் ஆற்றங்கரையில் தனித்து நின்றது. அதன் அடித்தளத்தில் ஆட்கள் கடந்துபோக ஒரு பெரிய திறந்த வழி விட்டிருந்தார்கள். காற்றடிக்கும் நாட்களில் அந்த வழியில் ஆட்கள் நடக்கத் திணறினார்கள், கதவுகளைத் திறக்கவே முடியவில்லை. பின்னர் சுழல்கதவு வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் வானிலை அறிவியல் மாணவர்கள். நியூயார்க்கில் 1902இல் எழுந்த இஸ்திரிப்பெட்டி வடிவ பிளாட்டிரான் கட்டடத்தின் முனையிலும் இதே கதை. அந்தத் தெருமுனைக் காற்றை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. தென்காசிக் கோபுர வாசலில் பூக்கூடையைத் தூணுக்கு இந்தப்புறம் நகர்த்தி வைக்கும் ஆச்சிக்கும் தெரிந்த பாடம் இது.

வாசலில் எதிர்க்காற்று ஏன் என்பது விளங்கிவிட்டது. முற்றத்தில் அது ஏன் திரும்புகிறது? அதற்கு முன் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்துவிடலாம். மேலே தெரியும் ஒன்று இந்தக் கேள்விக்கு உதவும்.

ஒருமுறை கோபுரத்தின் உள்ளே ஏற எனக்கு வாய்த்தது. வெளியே சுதையும் வண்ணமும் சிற்பங்களும் நிறைந்த கோபுரம் உள்ளே வெறும் கூடு. படிகள் செங்குத்து. வெளவால் எச்ச வாடை. ஒவ்வொரு நிலைக்கும் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இருட்டில் தடவித் தடவி ஏறி ஒரு நிலையை எட்டினால், இரு பக்கமும் வெளிச்சம், நடுவில் காற்று. அடுத்த நிலைக்குப் போனால் அறை இன்னும் சிறுத்திருக்கும். ஏறுகிறவர் கோபுரம் குறுகுவதைத் தோளால் உணர்வார்.

அந்தக் குறுகலில்தான் கோபுரக் கட்டுமானத்தின் அறிவு முழுவதும் இருக்கிறது. மரபான கோபுரத்தில் அடிப்பகுதி கருங்கல். ஸ்தபதிகள் அதைக் கல்ஹாரம் என்பார்கள். அதற்குமேல் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுதை. ஒரு செங்கல் சுவரை 54 மீட்டருக்கு ஒரே தடிமனாக எழுப்பினால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 100 டன் எடையைச் சுமக்க வேண்டும். மேலே போகப் போக அகலத்தைக் குறைத்தால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும். மிச்சச் சுமையும் சேரும் இடத்தில் செங்கல்லைவிடப் பல மடங்கு வலிய கருங்கல்லை வைத்துவிட்டார்கள். எடை குறைவான பொருள் மேலே, வலுவான பொருள் கீழே.

சிகாகோவில் 1891இல் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி, எடையைச் சுவரே தாங்கும் செங்கல் கட்டடம். நம் கோபுரத்தைவிடச் சற்றே உயரம். சுவர் நேராக எழுந்ததால் அடியில் அதன் தடிமன் 6 அடி வைக்க வேண்டியிருந்தது. கடை வைக்க வேண்டிய தரைத்தளத்தைச் சுவரே தின்றுவிட்டது. அதே ஊரில் 1885இல் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் உலோகச் சட்டகத்தின் மேல் எழுந்திருந்தது. எடையைத் தாங்கும் வேலையிலிருந்து சுவரை விடுவித்த அந்த யோசனைதான் பின்னாளில் எம்பயர் ஸ்டேட்டின் 102 மாடிக்கும் வழிவிட்டது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உயரம் போகலாம் என்ற கேள்விக்கு, சிகாகோவும் தென்காசியும் ஏறக்குறைய ஒரே உயரத்தை விடையாகச் சொன்னது எனக்கு எப்போதும் வியப்பு. 

குறுகல் காற்றுக்கும் நல்லது. காற்று பலமாக வீசும் உச்சியில்தான் கோபுரத்தின் அகலம் குறைவு. தென் தமிழகத்தின் உள் மாவட்டங்களுக்கு இந்தியத் தரநிர்ணய விதிகள் வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் எடை வைத்துத் தள்ளுவதுபோன்ற அழுத்தம் உண்டாகும். அகலமான உச்சியில் அப்படித் தள்ளினால் நெம்புகோல்போல அடி பெயரும். கூம்பில் அந்த ஆபத்து குறைவு. துபாயில் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீபாவையும் படிப்படியாகக் குறுக்கியதற்குக் காற்று ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு அடுக்கின் அகலமும் வேறாக இருப்பதால், காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து கட்டடத்தை ஆட்ட முடியாது. நம் ஸ்தபதிகள் சுழல் தாளத்தைக் கணக்கிட்டுக் கோபுரத்தைக் குறுக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எடையையும் அழகையும் பார்த்துக் குறுக்கினார்கள். காற்றுக்கான நன்மை அதோடு சேர்ந்து கிடைத்தது. அவர்கள் செய்ததே பெரிய காரியம், செய்யாததையும் அவர்கள் பேரில் எழுத வேண்டியதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கோபுரக் கலசத்தைப் பற்றி இப்போது செல்போனில் சுற்றிவரும் ஒரு செய்தி. கலசம் செம்பால் ஆனது, உள்ளே வரகு நிரப்பியிருக்கிறார்கள், ஆகவே கலசமே இடிதாங்கி, அது ஊரையே காக்கிறது என்கிறது அந்தச் செய்தி. குடமுழுக்கின்போது கலசத்தில் தானியம் நிரப்புவது உண்மை. செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதும் உண்மை. ஆனால் இடிதாங்கி என்பது உச்சியிலுள்ள உலோகம் மட்டுமல்ல. அந்த உலோகத்திலிருந்து அறுபடாமல் ஒரு பட்டை கீழே இறங்கி, ஈரமண்ணில் ஆழப் புதைந்திருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாத கலசம் இடியை வரவேற்குமே தவிர, அதை வழியனுப்பி வைக்காது.

இதற்குச் சாட்சி தென்காசிக் கோபுரமேதான். பழைய கோபுரம் இடி விழுந்து பிளந்தது என்பது ஊரில் வழிவழியாக வரும் வரலாறு. உச்சி இழந்து, பிளவு விழுந்து, பல தலைமுறைகள் அது நின்றது. மொட்டைக் கோபுரம் என்றே ஊரார் அழைத்தார்கள். பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் மேல்நிலைகள் புதிதாக எழுந்து, 1990இல் குடமுழுக்கு நடந்தது. இப்போது ஐம்பது வயதைக் கடந்த தென்காசிக்காரர்கள் எல்லோரும் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம்.

இடி ஏன் கோபுரத்தைத் தேடி வருகிறது? தனித்து நிற்கும் ஓர் உயரமான பொருள், தன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் விழக்கூடிய மின்னலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்று பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். 4 மீட்டர் உயர வீட்டுக்கு அந்த ஆரம் 12 மீட்டர். 54 மீட்டர் கோபுரத்துக்கு 162 மீட்டர். பரப்பளவில் பார்த்தால் 180 மடங்குக்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு ஐந்து மின்னல் தரையைத் தொடுகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், கோபுரத்தின் மேல் இரண்டரை ஆண்டுக்கு ஒன்று விழும். சித்திரை, வைகாசிக் கோடை இடியையும் ஐப்பசி இடியையும் ஐந்நூறு ஆண்டுகள் வாங்கிக்கொண்டு நின்ற கட்டடம் அது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் ஆண்டுக்கு இருபது தடவைக்கு மேல் மின்னல் விழுகிறது. அதன் எஃகுச் சட்டகமே மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோய்விடுவதால், உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

செங்கல் கோபுரத்தில் அந்த வசதி இல்லை. ஒரு மின்னலின் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அதன் பாதையிலுள்ள காற்று சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு சூடாகும். கோபுரத்துக்குள் அது கீழே போக வழி தேடும்போது, ஈரம் கசிந்த விரிசல்கள்தாம் அதற்கு எளிய பாதை. அங்கிருக்கும் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மூடிய சட்டியில் வெடி வைத்தது போலத்தான். செங்கல் பிளக்கும், நிலைகளைத் தாங்கும் மர உத்தரங்கள் பற்றிக்கொள்ளும். வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கூண்டு இப்படிப் பலமுறை அடிபட்டது. 1745இல் கடுமையாகச் சேதமானது. 1776இல் இடிதாங்கி வைத்தார்கள். அமெரிக்காவில் பிராங்கிளின் கண்டறிந்து கால் நூற்றாண்டுகூட ஆகாத புதுக்கருவி அது. அந்தக் கருவி தென்காசிக்கு உரிய காலத்தில் வந்திருந்தால் மொட்டைக் கோபுரம் என்ற பெயரே ஏற்பட்டிருக்காது.

பிளந்த கோபுரம் அத்தனை காலம் விழாமல் நின்றதற்கும் அதே கூம்பு வடிவம் உதவியிருக்க வேண்டும். செங்குத்தாகப் பிளந்தாலும் ஒவ்வொரு பாதியும் அகன்ற கல் அடியின் மேல் நிற்கிறது, ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கிறது. ஆனால் விரிசலை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், விரிசல்கள் பெருகி, 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. தென்காசிக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்து, அதைச் சரிசெய்பவர்கள் இருந்தால் அவர்களின் காலடியை வணங்குவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் பாடி வைத்திருக்கிறார். பழுது வரும் என்று தெரிந்தே கட்டிய மன்னர் அவர்.

உச்சி நிலையின் மேற்கு வாசலில் குனிந்து உட்கார்ந்தால் குற்றால மலை கண்ணுக்கு நேரே நிற்கும். சாரல் நாளில் அதன் முகட்டில் ஒரு மேகம் தொப்பிபோலக் கவிந்திருக்கும். காற்று காதை அடைக்கும் வேகத்தில் வீசும்போதும் அந்த மேகம் நகராது. நின்றுவிட்ட மேகம் என்று தோன்றும். உண்மையில் அது நிற்கவில்லை. கேரளப் பக்கம் மலையேறும் காற்று குளிர்ந்து, நீராவி துளியாகி, மேகமாகத் தெரிகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடேறி, மேகத்தின் நுண்துளிகள் மீண்டும் ஆவியாகி மறைகின்றன. ஒவ்வொரு நொடியும் அந்தப் பக்கம் புதுத்துளி பிறக்கிறது, இந்தப் பக்கம் பழைய துளி கரைகிறது. ஆற்றில் பாறையின் மேல் தண்ணீர் மேடு கட்டி அசையாமல் நிற்பதுபோலத்தான். மேடு அங்கேயே இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

கிழக்கு வாசலுக்கு வந்தால் காட்சியே வேறு. தரையில் நிற்பவர் கண்ணுக்குச் சமவெளியில் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர் தொலைவில். 50 மீட்டர் உயரத்தில் அது 25 கிலோமீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருமடி மூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் வருவது அந்தத் தூரம். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூடும். எம்பயர் ஸ்டேட்டின் 86ஆம் மாடிக் காட்சித்தளம் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் அது ஆறு மடங்குக்கு மேல், ஆனால் தொடுவானமோ இரண்டரை மடங்கு தூரம்தான், 64 கிலோமீட்டர். உயரம் நாலு மடங்கானால்தான் பார்வை இரு மடங்காகும். அந்த வகையில் முதல் ஐம்பது மீட்டர் தரும் லாபத்தை அடுத்த ஐம்பது தருவதில்லை. தென்காசி உச்சியிலிருந்து பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் பக்கம்வரை வயலும் குளமும் பனையுமாக விரிந்து கிடக்கும். தொடுவானத்துக்கு அப்பாலும் சில காற்றாலைகளின் இறக்கைகள் மட்டும் தலைகாட்டும். அவற்றின் கால்கள் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்திருக்கின்றன.

மேலே தெரியும் ஒன்று உதவும் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். மேற்கு வாசல்களில் ஒவ்வொரு நிலையிலும் நாரைப் பிடித்துப் பார்த்தேன். உச்சியில் வாசலுக்கு வெளியே நீட்டினால் நார் மேல்நோக்கி நின்றது. நடுநிலைக்கும் கீழே வந்ததும் கீழ்நோக்கித் தொங்கி இழுபட்டது. காற்று மோதும் முகத்தில், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில், காற்று இரண்டாகப் பிரிகிறது. மேலே ஒரு பங்கு உச்சியைத் தாண்டிப் போகிறது. கீழ்ப்பங்கு முகத்தை ஒட்டியே தரைக்கு இறங்குகிறது. தரையில் மோதியபின் அது எங்கே போகும்? ஒரு பகுதி வாசல் நடைக்குள் நுழைந்து கிழக்கே பாய்கிறது, நம் முகத்தில் மோதுவது அதுதான். மீதி, வந்த திசைக்கே திரும்பி, தரையை ஒட்டி மேற்கே உருள்கிறது. அதாவது கோபுரத்திலிருந்து சந்நிதியை நோக்கி. சிறிது தூரம் போனதும் எதிரே வரும் காற்று அதைத் தூக்கி மறுபடி கோபுரத்தின் மேல் எறிகிறது. கிடைமட்டமாகப் படுத்திருக்கும் ஓர் உருளை போல அந்தச் சுழல் கோபுரத்தின் முன்னே ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. உயர்ந்த கட்டடங்களின் முன்னால் இத்தகைய சுழல் உண்டாவதைக் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் புகைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முற்றத்தில் நம் முதுகைத் தள்ளுவது அந்த உருளையின் அடிப்பக்கம் என்பது என் கணிப்பு. வாசலில் எதிர்ப்பதும் முற்றத்தில் அழைப்பதும் ஒரே காற்றின் இரண்டு கிளைகள். இது சரியென்றால், காற்று கிழக்குப் பக்கத்திலிருந்து வீசும் மார்கழியில் எல்லாம் தலைகீழாக வேண்டும். வாசல் நடையில் காற்று உள்நோக்கி வீச வேண்டும், திரும்பும் சுழல் தேரடிப் பக்கம் போய்விட வேண்டும்.

தென்காசிப் பக்கம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியர்களும் இதைச் சோதிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். செலவு ஒன்றும் இல்லை, ஒரு முழம் வாழைநார் போதும். தேரடி, வாசல் நடை, நிலைக்கல், அதிலிருந்து ஐந்து, பத்து, இருபது அடி என்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாரை ஒருமுறை முழங்கால் உயரத்திலும் ஒருமுறை தலைக்கு மேலும் பிடியுங்கள். ஆடியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள், தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். ஆனி, ஆடியில் போனால், பூக்கூடையைத் தூணுக்கு அந்தப்புறம் வைத்துவிடாதீர்கள்.